மூன்று கிலோவுக்குள் ஒரு துப்பாக்கி

கோட்டிங்கன்,
12 அக்டோபர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகு வலி எந்த மட்டில் இருக்கிறது? அத்தைக்கு முட்டு வலி மழைக்குக் கூடியிருக்குமே, தைலம் தேய்த்து விடுகிறீர்களா, அல்லது கேட்டுவிட்டு அப்படியே ஆபீஸுக்குப் போய்விடுகிறீர்களா?

எனக்கு இந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வேலையில் உட்கார்ந்தால் இன்னொன்று கூப்பிடுகிறது. ஏப்ரலில் ரஷ்யாவில் அணு உலை வெடித்ததை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தத் தூசி மழையோடு வந்து இங்கத்திய காடுகளிலும் இறங்கியது. செடியில் இறங்கியது மானுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கிற திட்டத்தில்தான் எங்கள் பேராசிரியர் என்னைச் சேர்த்திருக்கிறார். ஆடு அளவே உள்ள சின்ன மான். இங்கே அதை 'ரே' என்கிறார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. விடியற்காலையிலும் அந்தியிலும் மானைப் பார்க்க ஒரு குழாய்த் தொலைநோக்கி வேண்டும். அதை ஒரு கருவியின் மேல் பொருத்த வேண்டும். கருவியும் தொலைநோக்கியும் சேர்ந்து மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும், நீளமும் குறைவாக இருக்க வேண்டும். இங்கே இருக்கிற ஆறடிக்காரர்கள் எல்லாரும் எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி ஐம்பத்தாறு மில்லிமீட்டர், அதற்குக் குறைந்து வாங்கினால் அந்தியில் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். அது பூசணிக்காய் மாதிரி கனக்கிறது. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்பதை இவர்களிடம் எத்தனை தரம் சொல்வது? சர்வேயர்களின் தியோடலைட்டுகளைப் பழுது பார்த்து அவற்றோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திய நீங்கள் சொல்லுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள், புறப்பட்ட அன்று விளக்கடியில் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருக்கிறது. புலால் தொட்ட கையோடு நம் வீட்டு விளக்கைத் தொடமாட்டேன் என்றேன். சாப்பாடு தயிரும் சோறும்தான், கவலை வேண்டாம்.

உங்கள் கிரிஜா


பாளையங்கோட்டை,
2 நவம்பர் 1986

அன்பு கிரிஜா,

இங்கே மூன்று உயிரும் சுகம்: அம்மா, நான், என் முதுகு வலி. தைலம் தேய்க்கிறேன். நீ நம்பமாட்டாய்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆபீஸில் உன் கடிதத்தை இரண்டு பேரிடம் காட்டினேன். பேரைச் சொல்லவில்லை, கேள்வியை மட்டும்.

பதில் எளிது. முன் கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகு. ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஏழு. அதாவது உன் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றை ஏழு மில்லிமீட்டர் தடிமன். மனுஷக் கண்ணின் பாவை எவ்வளவு இருட்டிலும் ஏழுக்கு மேல் விரியாது. நான்கு மடங்கு பெருக்கம், முப்பத்திரண்டு கண்ணாடி என்று ஒன்று இருக்கும், கேட்டுப் பார். அதில் எட்டு வரும். பூசணிக்காய் தருகிற வெளிச்சத்துக்கு இது குறைந்ததில்லை, கனத்தில் பாதி. அதோடு, பெருக்கம் எட்டானால் உன் கை நடுக்கமும் எட்டு மடங்காகத் தெரியும். உன் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். தாலி கட்டும்போது பார்த்தேனே.

இன்னொன்று. பார்க்கும்போது ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதே. கழுத்தை நீட்டிக் கண்ணை ஒட்டிக் கொண்டு போ, வளையம் மறைகிற வரைக்கும் போ. எங்கள் சர்வேயர் பார்த்தசாரதி எட்ட நின்று எட்டிப் பார்த்துவிட்டு லென்ஸ் போச்சு என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார். ஒட்டிப் பார்க்கப் பயப்படுகிற ஆளுக்கு எந்தக் கருவியும் உதவாது.

அம்மா உன் போட்டோ கேட்கிறாள். குளிரில் கறுத்துவிட்டாயா வெளுத்துவிட்டாயா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்று அனுப்பு.

அன்புடன்
சிதம்பரம்


கோட்டிங்கன்,
25 நவம்பர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே நான்கு முறை படித்தேன். அத்தையையும் உங்களையும் கேட்டதாகச் சொல்ல இங்கே இப்போது ஒருவர் இருக்கிறார். யோசப்பின் என்று பேர், நான் அக்கா என்று கூப்பிடுகிறேன், இலங்கை மன்னார்க்காரர். அகதியாக வந்து சர்ச் கொடுத்த ஓர் அறையில் இருக்கிறார். கணவர் ஹம்பேர்க்கில். இவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாதாம், அதனால் ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு அவர்களும் நம்மைப் போலக் கடிதம்தான் எழுதிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போடுகிறார். நான் சுமந்துகொண்டு போன கருவியைப் பார்த்துவிட்டு, "உந்தச் சாமானை ஆர் பிள்ளை தூக்கிறது? உம்மை விடப் பெரிசாக் கிடக்கு" என்றார்.

நாலுக்கு முப்பத்திரண்டு இங்கே கிடைக்கிறது. பேராசிரியரிடம் உங்கள் வகுத்தல் கணக்கைச் சொன்னேன். "யார் சொன்னது?" என்று கேட்டார், "என் கணவர்" என்றேன், குறித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு சந்தேகம். இந்த வகைத் தொலைநோக்கியில் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர், நாலு விரற்கடை, தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அது ஏன்? அப்படித் தள்ளிப் பார்த்தால் படம் குறுகுமா? கருவியின் கனத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அதிர்ச்சி கூடுமா?

போட்டோ அடுத்த தடவை. இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

உங்கள் கிரிஜா


பாளையங்கோட்டை,
16 டிசம்பர் 1986

அன்பு கிரிஜா,

நாங்கள் சுகம். திருவாதிரைக்கு அம்மா கோயிலுக்கு நடந்தே வருவேன் என்கிறாள், ரிக்‌ஷா பேசி வைத்திருக்கிறேன்.

உன் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பத்தொன்பது வருஷத்தில் லெவல், தியோடலைட், மைக்ராஸ்கோப், கலெக்டர் பங்களாவில் இருந்த ஒரு பழைய கப்பல் தொலைநோக்கி, எல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறேன். எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிற கருவி என் மேஜைக்கு வந்ததில்லை. அப்படிச் செய்ய முடியும், ஆனால் கஷ்டப்பட்டுத்தான் செய்ய வேண்டும், பார்வையின் அகலமும் போகும். ஒருவன் மெனக்கெட்டு அவ்வளவு இடம் விடுகிறான் என்றால் அந்த இடத்துக்குள் எதுவோ வந்து இடிக்கும் என்று பயப்படுகிறான். எது இடிக்கும்? ஜீப்பில் பூட்டி ஓட்டிக்கொண்டே பார்க்கிறீர்களா? கனம் குறைந்தால் அதிர்ச்சி கூடுமா என்று கேட்டிருக்கிறாய். கூடும். ஆனால் அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று நீ எழுதவில்லை.

போட்டோ வரவில்லை.

சிதம்பரம்


கோட்டிங்கன்,
11 ஜனவரி 1987

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கலுக்கு இந்தக் கடிதம் வந்து சேராது, இருந்தாலும் பால் பொங்கிற்றா என்று கேட்டுவைக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

ஆமாம், ஜீப் மாதிரி ஒன்றில்தான் பொருத்துவது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது. ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

டிசம்பர் ஆறாம் தேதி பனியில் வழுக்கி விழுந்தேன். வலது புருவத்தில் சின்னக் கீறல், நாலு தையல். பிரித்தாயிற்று, ஒன்றுமில்லை. அதனால்தான் போட்டோ எடுக்கவில்லை. அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கிரிஜா


பாளையங்கோட்டை,
1 பிப்ரவரி 1987

கிரிஜா,

எங்கள் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன்.

பனியில் விழுகிறவளுக்கு முழங்கை உடையும், மூக்கு உடையும். மூக்கில் கீறல் இல்லாமல் வலது புருவம் மட்டும் பிளக்காது. ஒரு தாளில் உன் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து, எதிரே ஒரு குழாயை வரைந்து, குழாயை முகத்தை நோக்கித் தள்ளிப் பார்த்தேன். முதலில் இடிக்கிற இடம் புருவம். எட்டு சென்டிமீட்டர் எதற்கு என்று அப்போது விளங்கிவிட்டது. மூன்று கிலோ, நீளம் குறைவு, விடியற்காலை, மான். நான் என்ன மடையனா கிரிஜா? மூன்று மாதமாக எதற்கென்றே தெரியாமல் உனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரே வார்த்தையில் பதில் எழுது. அது துப்பாக்கியா?

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

சிதம்பரம்


கோட்டிங்கன்,
15 பிப்ரவரி 1987

அன்புள்ள அத்தானுக்கு,

ஆமாம்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி எழுதுவதைப் படிப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

மானின் இரைப்பையில் இருப்பதை அது விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள் என்று முதலில் சொன்னார்கள். அவர்கள் வாரக்கணக்கில் தருவதில்லை, தந்தால் எந்த இடத்தில் சுட்டது என்று சொல்வதில்லை. அதனால் திட்டத்தில் இருக்கிறவர்கள் வேட்டை உரிமம் எடுக்க வேண்டும், தாங்களே சுட வேண்டும் என்று பேராசிரியர் செப்டம்பரில் முடிவெடுத்தார். எழுத்துத் தேர்வு பாஸ். சுடுகிற தேர்வுக்குப் பழகும்போதுதான் டிசம்பர் ஆறாம் தேதி புருவம் கிழிந்தது. என் அவசரம்தான் காரணம். தேர்வு ஏப்ரல் 25. அதில் தேறாவிட்டால் எனக்கு ஒதுக்கிய காட்டுப்பகுதியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், உதவித்தொகையும் அதோடு நின்றுபோகும். அத்தையிடம் சண்டை போட்டு என்னை அனுப்பிவைத்த உங்கள் முன்னால் வெறும் கையோடு வந்து நிற்பேன்.

வெறும் கை என்று எழுதிவிட்டேன். அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அக்டோபர் 12ஆம் தேதி உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேனே, அன்று காலையில் வேறொருவர் சுட்ட மானின் வயிற்றை நான் கத்தியால் திறந்தேன். கையுறை போட்டிருந்தேன், இருந்தாலும் சூடு தெரிந்தது. வந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாக்கு நினைவிருக்கிறது என்று எழுதினேன். நினைவு இருந்தது உண்மைதான்.

பழகுகிற இடத்துக்கு ஒருநாள் யோசப்பின் அக்காவைத் துணைக்குக் கூட்டிப்போனேன். காரை விட்டு இறங்கவேயில்லை, காதைப் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தார். திரும்பும்போது, "நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் பிள்ளை இஞ்ச ஓடி வந்தனான். நீர் அதைப் படிக்கப் போறீர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றும் சோறு போட்டார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. திட்டத்துக்காக ஒரு துப்பாக்கி வாங்குவார்கள். எது என்று நான் ஏப்ரல் பத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுடுகிற தேர்வுக்கும் அதையே கொண்டுபோகலாம். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, புதிதாக வாங்காமல் இப்போது பழகுகிற ஆய்வுக்கூடத்துப் பழையதையே வைத்துக்கொள்வது. எட்டு மில்லிமீட்டர் குண்டு, பூசணிக்காயோடு சேர்த்து நாலரைக் கிலோ. தோளில் வைக்கிற கட்டை ஆறடிக்காரர் கைக்குச் செய்தது. நான் பிடித்தால் என் முகம் எங்கோ பின்னால் நிற்கிறது. இரண்டாவது, குட்டைக் குழாய்த் துப்பாக்கி. குழாய் முனை வரைக்கும் மரம் போர்த்தியிருக்கும், பார்க்க அழகு. ஏழு மில்லிமீட்டர் குண்டு. மூன்றாவது, நடுவில் மடிகிறது. ஒரே குழாய், ஒரே குண்டு, சுட்டதும் மடித்து வெறும் கூட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். குண்டு ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இந்த மானுக்குச் சட்டப்படி போதும். துப்பாக்கி மட்டும் இரண்டு கிலோ நானூறு. கடைக்காரர் அதைப் பற்றிச் சொன்னது, "பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் தவறினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது."

உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

கிரிஜா


கோட்டிங்கன்,
19 மார்ச் 1987

அத்தானுக்கு,

முப்பத்திரண்டு நாளாயிற்று. தபால்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். பத்தரைக்கே கீழே இறங்கி நிற்கிறேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை, பேசினால் பாதியில் எழுந்துபோகிறேன் என்று சொல்கிறார்கள்.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தைக்கு? அதை மட்டுமாவது எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. துப்பாக்கியைப் பற்றி எழுத வேண்டாம், நான் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

கிரிஜா


பாளையங்கோட்டை,
24 மார்ச் 1987

அன்பு கிரிஜா,

நானும் அம்மாவும் சுகம். உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு எழுதாமல் இருந்தேன். நீ உயிரைக் கொல்லப் போகிறாய் என்று கோபம், அதனால் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு வாரம் இருந்தது. மிச்ச நாளெல்லாம் வேறு.

"என் அவசரம்தான் காரணம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு டிசம்பர் ஆறு என்பதற்கு முந்தி நான் உனக்கு என்ன எழுதினேன் என்று யோசித்தேன். கறுப்பு வளையம் தெரிந்தால் கழுத்தை நீட்டிக் கண்ணை ஒட்டிக் கொண்டு போ, வளையம் மறைகிற வரைக்கும் போ. ஒட்டிப் பார்க்கப் பயப்படுகிற ஆளுக்கு எந்தக் கருவியும் உதவாது. என் எழுத்துதான் அது. கட்டை நீளமாக இருந்ததால் முகம் பின்னால் நின்றது, வளையம் தெரிந்தது, நான் சொன்னபடி நீ கழுத்தை நீட்டினாய். அதுதானே? நீ அதை எழுதவில்லை. உன் அவசரம் என்று எழுதினாய்.

என்னிடம் மறைத்தாய் என்று நான் உன்னைத் திட்டலாம். எதற்கென்று கேட்காமலே கருவிக்கு யோசனை சொன்னீர்களே என்று நீ என்னைத் திட்டலாம். பத்தொன்பது வருஷமாக ஆபீஸில் புதுப் பையன்களுக்கு நான் சொல்லுகிற முதல் பாடமே, எதற்கு என்று கேட்டுவிட்டு ஸ்குரூவில் கையை வை என்பது. உன் கேள்வி வந்த சந்தோஷத்தில் அதை மறந்தேன். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் உன் கண் போயிருக்கும். இதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள்.

இனி வேலை. கடியாரக்காரத் தெருவில் லைசென்ஸ் துப்பாக்கி பழுது பார்க்கிற கோபாலன் என்று ஒரு கிழவர் இருக்கிறார். அவரிடம் போனேன். "யாருக்குய்யா துப்பாக்கி?" என்றார். "என் வீட்டம்மாவுக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை எவ்வளவோ, விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை அவ்வளவுதான் இருக்க வேண்டும் என்றார்.

கொடைக்கானலில் உனக்கு வாங்கிய முழுக்கை ஸ்வெட்டர் பீரோவில் இருந்தது. முழங்கை மடிப்பின் சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து மணிக்கட்டு வரை இருபது சென்டிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் கணு வரைக்கு ஸ்வெட்டரில் அளவு இல்லை. ஆனால் உன் சுட்டுவிரல் நுனி என் விரலில் இரண்டாவது கணுவைத் தாண்டி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துப் பன்னிரண்டு போட்டேன். மொத்தம் முப்பத்திரண்டு. அங்கே சாதாரணமாக முப்பத்தாறரை என்கிறார் கோபாலன். ஆகவே கட்டையில் நாலரை சென்டிமீட்டர் அறுக்கச் சொல். அறுத்த துண்டைத் தூர எறியாதே, எனக்குக் கொண்டு வா.

மூன்றில் மூன்றாவதை வாங்கு. முதலாவது உனக்கானதில்லை. இரண்டாவது குட்டைதான், ஆனால் கனம் குறைந்த துப்பாக்கியில் பெரிய குண்டு போட்டால் உதை முழுதும் உன் தோளுக்கு வரும், புருவத்துக்கும் வரும். மூன்றாவதும் கனம் குறைவுதான், ஆனால் குண்டும் சின்னது, உதை தாங்கும். மேலே நாலுக்கு முப்பத்திரண்டு, அது முன்னூறு கிராம், அதைப் பூட்டுகிற பிடிப்பு இருநூறு. மூன்று கிலோவில் நூறு மிச்சம். கட்டையை அறுத்த பிறகு தொலைநோக்கியைப் பூட்டச் சொல், முந்திப் பூட்டக் கூடாது. நீ கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வை. கன்னம் எங்கே தானாகப் படிகிறதோ அங்கே வை. பிறகு கண்ணைத் திற. வளையம் தெரிந்தால் நீ நகராதே, தொலைநோக்கியை நகர்த்தச் சொல். இந்தத் தடவை கருவி உன்னிடம் வரட்டும்.

ஒரே குண்டு குறை என்றாராம் கடைக்காரர். உனக்கு அதுதான் சரி. இரண்டாவது இருக்கிறது என்று தெரிந்தால் முதலாவதில் கை அசட்டையாக இருக்கும். அந்த மான் பாதி செத்து ஓடக் கூடாது. ஓடினால் நீ அதைத் தாங்கமாட்டாய், நானும் தாங்கமாட்டேன்.

அம்மாவிடம் சொல்வது என் பாடு.

உன் சிதம்பரம்


(அஞ்சலட்டை)
கோட்டிங்கன், 25 ஏப்ரல் 1987

அத்தானுக்கு, பாஸ். கன்னம் தானாகப் படிந்தது. வளையம் இல்லை. யோசப்பின் அக்கா புதுத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "ஓம், இதெண்டால் உம்மடை அளவுதான்" என்றார். தொடவில்லை. துண்டு பத்திரம். கி.


கோட்டிங்கன்,
20 மே 1987

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி விடியற்காலை நான் ஒரு மானைச் சுட்டேன்.

ஏணி வைத்த மரப் பரணில் மூன்றரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக ஓர் இடத்தில் உட்கார முடியாமல் திரிந்தவள், அங்கே ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். ஆணா பெண்ணா என்று தெரிகிற அளவு வெளிச்சம் வந்தபோது அது புல்வெளிக்கு வந்தது. ஆண். நான் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். வட்டம் முழுதாக இருந்தது, ஓரத்தில் இழையளவு கறுப்பு இல்லை. அது மேய்கிற புல்லின் பனி கூடத் தெரிந்தது. உங்கள் வகுத்தல் கணக்கு சரி. அது பக்கவாட்டில் திரும்பி நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன். உதை வந்ததே தெரியவில்லை.

விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஓடவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். இங்கே ஒரு வழக்கம், சுட்டவர் ஒரு சின்னக் கிளையை ஒடித்து மானின் வாயில் வைக்க வேண்டும், அது கடைசிக் கவளம். நம் ஊரில் வாய்க்கரிசி போடுகிறோமே, அந்த ஞாபகம் வந்தது. வைத்தேன். கை நடுங்கியது, தாலி கட்டியபோது நடுங்கியதை விட அதிகம். அழுதேன். அழுது முடித்ததும் எனக்குப் பசித்தது. அத்தான், அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. பையில் இருந்த ரொட்டியை அங்கேயே தின்றுவிட்டுக் கத்தியை எடுத்தேன். நாற்பது நிமிஷத்தில் மாதிரிகள் பெட்டிக்குள் போய்விட்டன. என் காட்டுப்பகுதி இனி என்னுடையது.

ஆகஸ்ட் 12 ஊருக்கு வருகிறேன், நான்கு வாரம். விளக்கைத் தொடமாட்டேன். தெரியாமல் கொடுத்த வாக்கு இல்லை, வாக்கு வாக்குதான். பூஜை அறை வாசலுக்கு வெளியே நிற்கிறேன். அத்தை அதற்கும் சம்மதிக்காவிட்டால் லாட்ஜில் தங்குகிறேன், நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது. யோசப்பின் அக்கா எடுத்தது. முடியை இழுத்து விட்டு மறைக்கலாமா என்று கேட்டேன். "மறைக்கப் போனால்தான் தெரியும், விடும்" என்றார்.

உங்கள் கிரிஜா


பாளையங்கோட்டை,
9 ஜூன் 1987

அன்பு கிரிஜா,

வெயில் எங்களைப் பொரிக்கிறது, மற்றபடி சுகம். உன் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வடு பிறை போல இருக்கிறது. உன் கண்ணின் அகலத்தை அளவாக வைத்துக் கணக்குப் போட்டதில், வடுவின் கீழ் முனைக்கும் இமைக்கும் நடுவே பதினொரு மில்லிமீட்டர். தினம் ஒரு தரம் அளக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மாவிடம் போன மாதமே சொல்லிவிட்டேன், உன் அஞ்சலட்டை வந்த அன்று. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. முட்டு வலியால் அவளால் விளக்கடியில் உட்கார முடிவதில்லை, தெரியுமே. நீ வந்துவிடுவாய் என்றுதான் இத்தனை மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து ஏற்றினாள். அன்று சாயங்காலம், "இனிமே இந்த வீட்டுல யாருய்யா விளக்கேத்துவா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நான் குளித்துவிட்டு வந்து ஏற்றினேன். எண்ணெய் அதிகம் ஊற்றிவிட்டேன், தரையெல்லாம் வழிந்தது. அம்மா துணியை எடுத்துப் போட்டாள். இப்போது தினமும் நான்தான். இரண்டு விரலில் சுட்டுக்கொண்டேன். லாட்ஜ் கீட்ஜ் என்று எழுதாதே, உன் கட்டிலில் மெத்தை மாற்றியாயிற்று.

உன் கடிதம் வந்ததும் அதைப் பற்றி நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியில் இருந்தாள்.

"அந்த மானு," என்றாள். "ரொம்ப நேரம் கெடந்து துடிச்சிச்சா?"

"இல்லம்மா. ஒரே குண்டு. நின்ன இடத்துலயே விழுந்துட்டு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, திரியத் தூண்டி விடு," என்றாள். "மங்குது பாரு."

உன்
சிதம்பரம்